மன்னரின் காவலில் இருக்கும் இளம்பெண் திருமணத்தை மறுக்க முடியுமா? 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் காதல்கதை ஒன்றுக்காக ஒரு கேள்வி

தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு காதல்கதையை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். கதை 1190ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. முதலாம் ரிச்சர்டு சிலுவைப்போருக்குப் புறப்பட்டுப் போய்விட்ட நேரம். நாயகிக்கு 16 வயது. அண்ணன் காய்ச்சலில் இறந்த சில மாதங்களுக்குள் தந்தையும் கண்ணை மூடிவிட, ஒரு கோட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அவள் பெயருக்கு வந்துசேர்கின்றன. நிலம் அவள் கைக்கு வந்த அதே நாளில் அவள் மன்னரின் காவலுக்குப் போகிறாள். அவளைவிட 30 வயது மூத்த ஒரு படைத்தலைவருக்கு அவளை மணமுடித்துக்கொடுக்க மன்னரின் ஆட்கள் முடிவு செய்கிறார்கள். அவள் மனத்தில் இருப்பவனோ, கையில் ஒரு குதிரையையும் இடையில் ஒரு வாளையும் தவிர வேறெதுவும் இல்லாத இளைஞன்.

உச்சக்காட்சியில், தேவாலய வாசலில் குருவின் முன்னால் அவள் "மாட்டேன்" என்கிறாள், கூட்டம் திகைத்து நிற்கிறது, அவன் குதிரையில் வந்து அவளை மீட்கிறான். இதைப் படித்த என் தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவள் ஒரு சொல் சொன்னால் திருமணம் நின்றுவிடும் என்றால், இருநூறு பக்கம் ஏன் அழுதாள்? அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்றால், கடைசிப் பக்கத்தில் மட்டும் எப்படி நின்றது?" அன்றிலிருந்து ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

ஆகவே இந்தக் காலத்தை ஆழ்ந்து படித்தவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். அந்தக் காலத்தில் அவளுடைய சொல்லுக்கு உண்மையிலேயே வலு இருந்ததா? அடுத்து, அவளுக்கு வரும் ஆபத்து கொள்ளையர், ஓநாய் என்று வெளியிலிருந்து ஒட்டவைத்ததாக இல்லாமல் அந்தத் திருமணத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படிப்பட்ட ஆபத்துகள் எவை?

ஏட்டுவாசகன் பதிலளித்தது:

உங்கள் தோழிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்ட இடத்தில்தான் அந்தக் காலத்துச் சட்டமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதலில் நிலத்தின் சட்டம். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒரு பிரபு வயது வராத வாரிசையோ மணமாகாத மகளையோ விட்டு இறந்தால், அந்த வாரிசும் நிலமும் மன்னரின் காவலுக்குள் போகும். காவல் நீடிக்கும்வரை நில வருமானம் மன்னருக்கு. அவளை யாருக்கு மணமுடிப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் மன்னருக்கே. அந்த உரிமையை அவர் தமக்கு உழைத்தவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம், ஏலப்பொருள்போல் விற்கவும் செய்யலாம். ரிச்சர்டின் தந்தை இரண்டாம் ஹென்றி 1185இல் 12 கவுண்டிகளில் தம் காவலுக்குரிய கைம்பெண்களையும் தந்தையற்ற வாரிசுகளையும் கணக்கெடுக்கச் செய்தார். அந்த ஏடுகளில் பெண்ணின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, நிலத்தின் ஆண்டு மதிப்பு ஆகியவற்றோடு, இன்னும் எத்தனை ஆடும் ஏர்மாடும் விட்டால் அந்த நிலத்தின் மதிப்பு எவ்வளவு கூடும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் வயதும் ஆட்டின் எண்ணிக்கையும் ஒரே வரியில் வருவதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ரிச்சர்டுக்குப் பின் வந்த அவர் தம்பி ஜான் மன்னர் காலத்தில், 1214இல், குளோஸ்டர் சீமையின் உரிமைப்பெண் இசபெல்லாவை மணப்பதற்காக ஜெஃப்ரி டி மாண்டெவில் 20,000 மார்க் தருவதாக மன்னரிடம் எழுதிக்கொடுத்தார். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.

அடுத்தது திருச்சபையின் சட்டம். கிராசியன் என்ற திருச்சபைச் சட்ட அறிஞர் 1140ஐ ஒட்டித் தொகுத்த சட்டத் தொகுப்பும், 1159 முதல் 1181 வரை போப்பாண்டவராக இருந்த மூன்றாம் அலெக்சாண்டரின் தீர்ப்புகளும் திருமணத்தின் உயிரை மணமக்களின் சம்மதத்தில் வைத்துவிட்டன. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயது நிரம்பியிருந்தால் போதும். காலம் காட்டும் இடைநிலையில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நம் இலக்கணத்தில் சொல்லலாம். "உன்னை ஏற்பேன்" என்றால் அது நிச்சயம். "உன்னை ஏற்கிறேன்" என்று இருவரும் சொல்லிவிட்டால் அதுவே திருமணம். குருவோ சாட்சியோ பெற்றோரின் ஒப்புதலோ இல்லாவிட்டாலும் அது செல்லும். முறையற்றது என்று கண்டிப்பார்கள், ஆனால் கலைக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் தோழியின் கேள்விக்கு வருகிறேன். மன்னர் அவளுடைய திருமணத்தை விற்கலாம், அவளுக்குப் பதிலாக அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. பணம் கொடுத்து வாங்கியவருக்கும் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாக வேண்டும். எனவே சுற்றியிருக்கும் எல்லோருடைய வேலையும், தேவாலய வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சொல்லை அவளிடமிருந்து பிழிந்தெடுப்பதுதான். அச்சுறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது என்றும் திருச்சபை சொன்னது. ஆனால் எவ்வளவு அச்சம் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல், "உறுதியான ஆண்மகனையும் அசைத்துவிடும் அச்சம்" என்பது. 16 வயதுப் பெண்ணின் நடுக்கம் அந்த அளவுகோலால் அளக்கப்பட்டது. உங்கள் இருநூறு பக்கக் கண்ணீருக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நாயகியும் அந்த இளைஞனும் பழத்தோட்டத்தில் யாருமறியாமல் நிகழ்காலத்தில் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தால், பிறகு தேவாலய வாசலில் எத்தனை பேர் முன்னிலையில் நடக்கும் மணவினையும் செல்லாது. அதை மெய்ப்பிக்கச் சாட்சி இல்லை என்பதே சிக்கல். அவன் வரும் குதிரையைவிட, அந்தத் தோட்டத்தில் நின்றிருந்த ஒரு வேலைக்காரி உயிரோடு இருப்பதும் வாய் திறப்பதும் உங்கள் கதைக்குப் பெரியதாக இருக்கும்.

குறிஞ்சிப்பாட்டி பதிலளித்தது:

ஏட்டுவாசகன் சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டம் ஒரு வீட்டின் சுவர்களுக்குள் எப்படி நடந்தது என்பதற்கு உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணையே சொல்கிறேன். உங்கள் கதைக்குச் சற்றே முந்தைய காலம். 1096ஐ ஒட்டி ஹண்டிங்டன் நகரில், செல்வாக்குள்ள ஆங்கிலோ-சாக்சன் குடும்பத்தில் தியடோரா என்று பெயரிடப்பட்டுப் பிறந்தவர். பிற்காலத்தில் மார்க்யேட்டின் கிறிஸ்டினா என்று அறியப்பட்டார். அவருடைய வாழ்க்கைக் கதையை ஒரு துறவி இலத்தீனில் எழுதிவைத்தார். அதன் ஒரே பழம்படி 1731இல் நேர்ந்த தீவிபத்தில் கருகியும் தப்பியிருக்கிறது.

சிறுமியாக இருந்தபோதே, செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்குச் சென்றிருந்த வேளையில், மணம் செய்துகொள்வதில்லை என்று கிறிஸ்டினா தமக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். பிறகு டர்ஹம் ஆயர் (பிஷப்) ரானுல்ஃப் ஃபிளாம்பார்டு ஒருமுறை அவரைத் தம் அறைக்கு வரவழைத்துத் தவறாக நெருங்கினார். அந்தப் பெண் கத்தவில்லை. கதவைத் தாழிட்டு வருகிறேன் என்றார். ஏமாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார் ஆயர். கதவைத் தாழிடுவதாகவே அவர் சத்தியம் செய்தார். சொன்னபடி தாழிட்டார், வெளிப்பக்கத்திலிருந்து. அவமானப்பட்ட ஆயர், பர்த்ரெட் என்ற இளைஞனை அவரைப் பெண் கேட்கத் தூண்டிவிட்டார். பெற்றோர் ஓராண்டுக்காலம் பரிசு, கெஞ்சல், மிரட்டல் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். கடைசியில் ஒருநாள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு நச்சரித்ததில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்.

தாழைமடல், இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். உங்கள் நாயகி கடைசியில் "மாட்டேன்" என்கிறாள். கிறிஸ்டினா தொடக்கத்திலேயே "சரி" என்று சொல்லிவிட்டார், அதற்குப் பிறகுதான் அவருடைய போராட்டமே தொடங்குகிறது. சொல்லிவிட்ட சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பெற்றோரே இரவில் பர்த்ரெட்டை அவருடைய அறைக்குள் அனுப்பினார்கள். முதல் இரவு, அவர் அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, கணவனோடு கன்னியாகவே வாழ்ந்த புனித செசிலியாவின் கதையைச் சொல்லிச் சொல்லி விடியவைத்தார். மறுமுறை அவனோடு ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது. சுவருக்கும் சுவர்த் திரைக்கும் நடுவே, அறைந்திருந்த ஓர் ஆணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கிறிஸ்டினா தொங்கிக்கொண்டிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் அவரைத் தேடும் ஓசை அவருக்குக் கேட்டது. இன்னொரு நாள் தாய் அடித்த அடியின் தழும்புகள் சாகும்வரை அவர் முதுகில் இருந்தன. லிங்கன் ஆயரிடம் வழக்குப் போனபோது ஆயர் முதலில் அவர் பக்கம் நின்றார், பெற்றோரிடம் பணம் வாங்கியபின் மாறிவிட்டார்.

அவர் தப்பியோடிய நாளை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கை நடுங்கும். ஆண் உடையை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டை விட்டு நடக்கிறார். அதன் ஒரு கை நழுவித் தரையில் இழுபடுகிறது. தங்கை மாட்டில்டா பார்த்துவிட்டு, "தியடோரா, என்ன அது கீழே இழுபடுகிறது?" என்கிறாள். "இதை வீட்டுக்குத் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போ, எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது" என்று ஒரு முக்காட்டையும் தந்தையின் சாவிகளையும் தங்கையின் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு குதிரை ஏறி முப்பது மைலுக்கு மேல் ஓடி, ஃபிளாம்ஸ்டெட்டில் அறைக்குள் தனித்துத் தவமிருந்த ஆல்ஃப்வென் என்ற பெண்ணிடம் தஞ்சம் புகுந்தார். அங்கே இரண்டு ஆண்டு. அதன்பிறகு ரோஜர் என்ற துறவியின் குடிலை ஒட்டி, உட்கார மட்டுமே இடமிருந்த பொந்து போன்ற மூலையில் சுமார் நான்கு ஆண்டு. வாசலை ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும், இருட்டிய பிறகுதான் அதை நகர்த்துவார்கள். இறுதியில் பர்த்ரெட்டே வந்து அவரை விடுவித்தான். யார்க் பேராயர் தர்ஸ்டன் திருமணத்தைக் கலைத்தார். கிறிஸ்டினா பின்னாளில் மார்க்யேட்டின் மடத் தலைவியானார்.

சாவிகளைத் தங்கையிடம் கொடுத்த அந்த நொடியைப் போல ஒன்று உங்கள் கதையில் இருக்கட்டும். வாள் ஏந்தியவன் வருவதற்கு முன்பே அவள் பாதி தூரம் தப்பித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மருதநிலத்தான் பதிலளித்தது:

திருமணத்திலிருந்தே பிறக்கும் ஆபத்து என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு அக்விடேன் சீமையின் எலினோரைவிடப் பொருத்தமானவர் இல்லை. நாடு வேறு, பிரான்சு. ஆனால் உங்கள் மன்னர் ரிச்சர்டின் தாய் அவர்தான், 1190இல் உயிரோடும் செல்வாக்கோடும் இருந்தார். ஆகவே அவருடைய கதை உங்கள் நாயகியின் காதில் விழுந்திருக்க நியாயம் உண்டு.

எலினோரின் தந்தை 1137 ஏப்ரல் 9, புனித வெள்ளியன்று, யாத்திரை போன இடமான ஸ்பெயினின் சாந்தியாகோவில் இறந்தார். அதே ஆண்டு ஜூலை 25ஆம் நாள் போர்தோ பேராலயத்தில் எலினோருக்குப் பிரெஞ்சு இளவரசர் லூயியோடு திருமணம் முடிந்துவிட்டது. இறப்புக்கும் மணத்துக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை. பாதுகாப்பற்ற ஒவ்வொரு நாளும் யாராவது அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற அச்சமே அந்த அவசரத்துக்குக் காரணம். தூக்கிப் போனவர் கட்டாயப்படுத்தி அந்தச் சொல்லை வாங்கிவிட்டால், அக்விடேன் முழுவதும் அவர் கைக்குள் போயிருக்கும்.

15 ஆண்டு கழித்து அது நடக்கவே பார்த்தது. 1152 மார்ச் 21 அன்று, நெருங்கிய இரத்த உறவு என்று காரணம் காட்டி, பொஜென்சியில் கூடிய ஆயர்கள் லூயிக்கும் எலினோருக்கும் இடையிலான திருமணத்தைக் கலைத்தார்கள். இரண்டு மகள்களும் தந்தையிடமே இருந்துவிட்டார்கள். எலினோர் தம் ஊரான புவாத்தியேவுக்குத் திரும்பும் வழியில் புளுவாவில் தங்கியபோது, அவ்வூர்க் கோமகன் ஐந்தாம் திபோ அவரைப் பிடித்துவைத்து மணக்கத் திட்டமிட்டிருப்பது தெரிந்து, இரவோடு இரவாக வெளியேறினார். அடுத்து, போர் த பில் என்ற ஆற்றுத்துறையில், ஆஞ்சுவின் ஜெஃப்ரி என்ற பதின்ம வயது இளவரசன் ஆட்களோடு பதுங்கியிருந்தான். செய்தி முன்கூட்டியே கிடைத்ததால் அவர் வேறு பாதையில் சென்றார். மே 18 அன்று புவாத்தியேவில், அதே ஜெஃப்ரியின் அண்ணனான, பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னரான 19 வயது ஹென்றியைத் தாமே தேர்ந்து மணந்துகொண்டார். லூயியோடு எவ்வளவு நெருங்கிய உறவோ அதற்குக் குறையாத உறவு ஹென்றியோடும் இருந்தது என்பதை யாரும் அன்று கேட்கவில்லை. அன்று பிடித்துவைக்கப் பார்த்த திபோ, 1164இல் எலினோரின் இளைய மகள் அலிக்ஸையே மணந்தார். அந்த மகளுடைய திருமண நாளில் எலினோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாராவது கதையாக எழுத வேண்டும்.

உங்கள் நாயகிக்கும் இந்த ஆபத்தை வையுங்கள். கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் நடுவிலுள்ள சாலையிலும் ஆற்றுத்துறையிலும் அவளைத் தூக்கக் காத்திருப்பவர்கள் கொள்ளையர்கள் அல்லர். நல்ல குடியில் பிறந்து, நிலம் இல்லாமல் இருக்கும் இளைய மகன்கள். இதைச் சொல்வது சற்றுக் கடினமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும்: ஒரு குதிரையும் ஒரு வாளும் மட்டுமே உடைய உங்கள் நாயகனும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்களில் ஒருவனாகவே தெரிவான். தூக்கிச்செல்பவனுக்கும் மீட்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவளுடைய சொல் மட்டுமே காட்ட முடியும்.

தாழைமடல் எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு உறக்கம் வரவில்லை. மருதநிலத்தான் கடைசியில் சொன்னது என் நாயகனையே புதிதாகப் பார்க்க வைத்துவிட்டது. அவன் குதிரையில் வரும் காட்சியை எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்றே ஒன்று. அந்த 46 வயதுப் படைத்தலைவரைக் கொடியவராகவே எழுதி வந்திருக்கிறேன். அது சரிதானா? அவரை நல்லவராக எழுதினால் அவளுடைய மறுப்பு வலுவிழந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

ஏட்டுவாசகன் பதிலளித்தது:

நல்லவராகவே எழுதுங்கள். அப்போதுதான் அவளுடைய மறுப்பு அவருடைய கொடுமைக்கு எதிரானதாகச் சுருங்காமல், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமைக்கானதாக நிற்கும். வரலாற்றிலும் அதற்கு இடமிருக்கிறது. பெம்புரோக்கின் இசபெல் டி கிளேர் உங்கள் நாயகியின் உடன்பிறப்பு போன்றவர். தந்தை 1176இல் இறந்தார், பிறகு தம்பியும் இறந்தான், அவர் மன்னர் காவலில் இலண்டன் கோட்டையில் இருந்தார். 1189 ஆகஸ்டில், ஏறத்தாழ 17 வயதில், 40 வயதைத் தாண்டிய வில்லியம் மார்ஷலுக்கு மணமுடிக்கப்பட்டார். மார்ஷல் நிலமில்லாத இளைய மகனாக வாழ்க்கையைத் தொடங்கி, மன்னர்களுக்கு உழைத்தே உயர்ந்தவர். அந்தத் திருமணத்தில் 10 பிள்ளைகள். 1207இல் மன்னர் அழைத்ததால் அயர்லாந்தை விட்டுப் புறப்பட்டபோது, கர்ப்பிணியான இசபெல்லைத் தம் பிரபுக்கள் முன்னால் நிறுத்தி, இந்த நிலம் பிறப்பால் இவருக்குரியது, தாம் இவர் வழியாகவே இங்கு வந்தவர் என்று மார்ஷல் சொன்னதாக, அவருடைய குடும்பத்தார் எழுதுவித்த செய்யுள் வரலாறு கூறுகிறது. இசபெல்லின் மனத்தை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. கதாசிரியராகிய உங்களுக்கான இடம் அதுதான்.

ஆனால் மறுத்தவரையும் மறக்க வேண்டாம். ஓமால் சீமையின் உரிமைப்பெண்ணான ஹவிஸுக்கு 1189இல் கணவர் இறந்தார். மறு ஆண்டே வில்லியம் டி ஃபோர்ஸை மணக்கும்படி ரிச்சர்டு மன்னரின் ஆணை வந்தது. அவர் மறுத்தார். அவருடைய நிலங்களிலிருந்த பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு பணிந்தார். 1212இல் மூன்றாம் கணவரும் இறந்ததும், தம் சொத்தோடும் இனி யாரையும் மணக்கும்படி வற்புறுத்தப்படாமலும் இருப்பதற்காக ஜான் மன்னருக்கு 5,000 மார்க் தர ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு கழித்து, 1215இல், ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைப் பட்டயமான மாக்னா கார்ட்டாவின் 8ஆம் பிரிவு, கணவனின்றி வாழ விரும்பும் கைம்பெண்ணை மணக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்றது. மணமாகாத பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. வாரிசுகளைத் தகுதிக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கக் கூடாது, மணத்துக்கு முன் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதோடு 6ஆம் பிரிவு நின்றுவிட்டது. உங்கள் 16 வயது நாயகியைவிட, கணவனை இழந்த அவளுடைய அத்தைக்கு அதிகப் பாதுகாப்பு கிடைக்கும் காலம் வரவிருந்தது.

குறிஞ்சிப்பாட்டி பதிலளித்தது:

காலத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள், தாழைமடல். ரிச்சர்டு இல்லாத நாட்டை அவருடைய தலைமை அமைச்சர், ஈலி ஆயர் வில்லியம் லாங்சாம்ப் ஆண்டுகொண்டிருந்தார். இலண்டன் கோட்டையும் அவர் கையில்தான் இருந்தது. 1191 அக்டோபரில் இளவரசர் ஜானும் பிரபுக்களும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கோட்டையை ஒப்படைத்துவிட்டு அவர் டோவர் துறைமுகத்தை நோக்கி ஓடினார். பெண் உடையில் கப்பலேற முயன்றபோது பிடிபட்டார் என்று அவருடைய எதிரி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சில வாரங்களில், மன்னரின் காவலில் உள்ள பெண்களுக்கு யாருடைய ஆணை செல்லும் என்பது காவலர்களுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

உங்கள் திருமண நாளை அந்த வாரங்களுக்குள் வையுங்கள். தேவாலய வாசலில் மணமகன் முதலில் மனைவிக்கு ஒதுக்கும் நிலத்தை எல்லோரும் கேட்க உரக்கச் சொல்வது அக்கால வழக்கம், அதன் பிறகுதான் அவளுடைய முறை வரும். அவர் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், கூட்டத்தில் அந்த வேலைக்காரி வந்திருக்கிறாளா என்று உங்கள் நாயகி தேடிக்கொண்டிருக்கட்டும்.